நாற்பத்தொரு தலைவர்களும் ஒரு சஹானாவும்

நாட்டில் தலைவர்களுக்குப் பஞ்சம் என்ற செய்தி சென்ற ஜூலை மாதம்தான் எனக்குத் தெரியவந்தது. சிஞ்ச்வட்டில் என் மகள் படிக்கும் பள்ளியிலிருந்து வந்த சுற்றறிக்கை அப்படிச் சொன்னது. அதுவரை எனக்கு அந்தச் சந்தேகமே இருந்ததில்லை. தேஹு ரோட்டிலிருந்து சிஞ்ச்வட் போகிற வழியில், பிறந்தநாள் வாழ்த்து பேனர்களில் கறுப்புக் கண்ணாடி போட்டுக் கைகூப்பி நிற்கிறவர்களை ஒருநாள் ஷேர் ஆட்டோவில் இருந்தபடியே எண்ணினேன். நூற்றுப் பதினாறு பேர். ஒரே ஆள் ஆறு இடத்தில் நின்றதைக் கழித்துவிட்டுச் சொல்கிறேன்.

பள்ளியின் பெயரைச் சொல்லமாட்டேன். 'இன்டர்நேஷனல்' என்று முடியும். இவ்வளவு சொன்னதால் யாரும் கண்டுபிடித்துவிட முடியாது.

"நாளைய உலகை வழிநடத்தப்போகும் தலைவர்களை இரண்டாம் வகுப்பிலேயே உருவாக்குவதென நிர்வாகம் முடிவு செய்துள்ளது என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்றது சுற்றறிக்கை. ஒன்றாம் வகுப்பை ஏன் விட்டுவிட்டார்கள் என்பதற்குக் காரணம் சொல்லவில்லை. மூக்கைத் துடைக்கிற பயிற்சி அங்கே இன்னும் முடியவில்லை போலிருக்கிறது. கூடவே ஒரு படிவம் இணைத்திருந்தார்கள். படிவம் ஏழு-அ. ஒன்று முதல் ஆறு வரை எங்கே போயின என்று நான் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் எனக்குக் கிடையாது.

என் பெயர் சுப்பையா. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பிழைப்புக்கு மராத்தி பேசும் தேஹு ரோட்டுக்கு வந்து, ராணுவக் கிடங்கு ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக எழுத்தர். எங்கள் ஆபீஸிலிருந்து மாதாமாதம் பதினேழு அறிக்கைகள் மேலிடத்துக்குப் போகும். அதில் ஒன்றில் 'இம்மாதம் காணாமல் போன ஒட்டகங்கள்' என்று ஒரு கட்டம் உண்டு. எங்கள் கிடங்கில் ஒட்டகம் இருந்ததே இல்லை. ஆனாலும் மாதாமாதம் 'இல்லை' என்று எழுதி அனுப்புகிறோம். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஒருமுறை கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டார். ஒட்டகம் எங்கே என்று விசாரணை வந்தது. மூன்று வருஷம் நடந்தது. மனிதர் பாவம், தன்னிடம் ஒட்டகம் இல்லை என்று நிரூபிக்க முடியாமலே ஓய்வு பெற்றார்.

அன்றிலிருந்து வெறும் கட்டத்தைக் கண்டால் எனக்கு வியர்க்கும். படிவம் ஏழு-அ-வில் பதினான்கு கட்டங்கள் இருந்தன. உங்கள் குழந்தை பிறரை வழிநடத்திய சந்தர்ப்பங்கள். உங்கள் குழந்தை தானாக எடுத்த முக்கிய முடிவுகள். உங்கள் குழந்தையால் ஊக்கம் பெற்றோர் எண்ணிக்கை. சஹானாவுக்கு ஏழு வயது. நிதானமாக யோசித்துப் பார்த்து, பதினான்கு கட்டத்திலும் 'இல்லை' என்று எழுதினேன். தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். ஆபீஸ் காப்பி ஒன்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

என் மனைவி லீலா அந்தக் காப்பியைப் படிவம் போய்ச் சேர்ந்த பிறகுதான் பார்த்தாள்.

"என்னங்க இது? எல்லாத்துலயும் இல்லை இல்லைன்னு எழுதி வச்சிருக்கீய?"

"பின்ன, வெறுமன விடச் சொல்லுதியா?"

"ஏதாச்சும் ஒரு பொய்ய எழுதக்கூடாதாக்கும்? இவ கூடப் படிக்கிற அபினவ் அம்மா, கோவாவுக்குக் குடும்பத்தையே அவந்தான் கூட்டிட்டுப் போனான்னு எழுதிருக்காவளாம்."

"கீழ 'மேற்கண்டவை உண்மை'ன்னு கையெழுத்துக் கேட்டிருக்கான்லா?"

லீலா எழுந்து சமையலறைக்குப் போனாள். அவள் எழுந்து போனால் நான் ஜெயித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

ஆகஸ்டில் பதவிகள் அறிவிக்கப்பட்டன. இதற்காகவே ஹிஞ்ஜவடியிலிருந்து அனிருத் என்ற தலைமைப் பயிற்சியாளர் வந்திருந்தார். முன்பு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் முந்நூறு பேருக்குத் தலைமை தாங்கியவராம். அவர் இல்லாமலே முந்நூறு பேரும் வேலை செய்வார்கள் என்று கம்பெனி கண்டுபிடித்ததும் குழந்தைகளிடம் வந்துவிட்டார். இரண்டாம் வகுப்பு 'பி' பிரிவில் நாற்பத்திரண்டு குழந்தைகள். நாற்பத்தொரு பேருக்குப் பதவி கிடைத்தது. குழாய்த் தலைவர், கதவுத் தலைவர், சுவர்த் தலைவர், பாய்த் தலைவர், பாட்டில் தலைவர், டப்பாத் தலைவர், இரண்டு ஜன்னலுக்கு இரண்டு ஜன்னல் தலைவர்கள், குறைதீர்க்கும் தலைவர். அமைதித் தலைவர் என்றும் ஒருவன் இருந்தான். அவன் கத்துவது கீழே தெருவிலிருக்கிற லேத் பட்டறை வரை கேட்கும்.

சஹானாவுக்குப் பதவி இல்லை. என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

பிரின்சிபால் ஆனந்தவல்லி மேடம் தமிழ்க்காரர். ஆனால் ஏதாவது காரியம் ஆகவேண்டும் என்றால்தான் தமிழில் பேசுவார்.

"வாங்கோ சார், உக்காருங்கோ. உங்காத்துக் குழந்தை ரொம்ப சமத்து. அதான் பிரச்சினை."

"மேடம்?"

"சொன்னா கேக்கறா. உக்காருன்னா உக்காரறா. இப்படியே போனா நாளைக்கு என்ன ஆவா, சொல்லுங்கோ?"

நான் ஆனதைத்தான் ஆவாள் என்று தோன்றியது. சொல்லவில்லை. மூன்றாம் வகுப்பில் 'உயர்நிலைத் தலைமை' பாடம் வருகிறதாம். தலைமையில் நாற்பது மார்க் இல்லாவிட்டால் மேலே அனுப்ப முடியாதாம். சஹானா இரண்டாம் வகுப்பிலேயே இன்னொரு வருஷம் உட்காரவேண்டியதுதானாம்.

நான் நாற்காலி நுனிக்கு நகர்ந்தேன். "ஏதாவது ஒரு தலைமை குடுத்துருங்க மேடம். சாக்பீஸ் தலைமை இருந்தாக்கூடப் போதும்."

பக்கத்து நாற்காலியில் இருந்த அனிருத் சிரித்தார். "சார், ஃபார்ம்ல நீங்களே எல்லாம் இல்லைன்னு சைன் பண்ணிருக்கீங்க. அதை மீறி எப்படிக் கொடுக்கறது? ஆனா, ஒரு விஷயம் இருக்கு. நாப்பத்தொரு லீடர்ஸ் இருக்காங்க. அவங்க யாரையாவது லீட் பண்ணணும் இல்லையா? உங்க பொண்ணு எங்களுக்கு ஒரு பெரிய ரிசோர்ஸ்."

இப்படியாக என் மகள் வகுப்பின் ஒரே தொண்டர் ஆனாள். ஒவ்வொரு தலைவரும் தினம் ஒருவரையாவது வழிநடத்தி, வழிநடத்தப்பட்டவரின் கையெழுத்தைத் தன் தலைமைக் குறிப்பேட்டில் வாங்கவேண்டும் என்பது விதி. தலைவரைத் தலைவர் வழிநடத்தினால் கணக்கில் சேராது. ஆக நாற்பத்தொரு பேரும் காலையிலிருந்து சஹானாவைத் துரத்தினார்கள். இடது ஜன்னல் தலைவர் அவளைத் திறக்கச் சொன்னால் வலது ஜன்னல் தலைவர் மூடச் சொன்னார். அமைதித் தலைவர் அவள் அமைதியாக இருக்கும்போதெல்லாம் வந்து, இன்னும் அமைதியாக இரு என்று உத்தரவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போனான். ஒரு நாளைக்கு நாற்பத்தொரு கையெழுத்து. ஒரு மாதத்தில் என் மகளின் கையெழுத்து முத்து முத்தாக ஆகிவிட்டது. தலைவர்களுக்கு எழுத நேரம் இல்லாததால் அவர்களுக்கு எழுத்தே மறந்துகொண்டிருந்தது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான். ஆனால் செப்டம்பரில் ஒருநாள் சஹானா வேனிலிருந்து இறங்கி, ஷூவைக் கூடக் கழற்றாமல் சமையலறைக்கு ஓடி, மூன்று தம்ளர் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தாள். மறுநாளும் அப்படியே.

"ஏட்டி, ஸ்கூல்ல தண்ணி குடிக்க மாட்டியா?" என்றாள் லீலா.

"குடிக்கணும்னா லைன்ல நிக்கணும் அம்மா. லைன் நேரா இருந்தாதான் குழாய்த் தலைவர் ப்ரீதி குழாய் திறப்பா."

"சரி, நேரா நில்லு."

"நான் மட்டும்தான் லைன். லைன் நேரா இருக்கா இல்லையான்னு அவங்க மீட்டிங் போடுவாங்க. அதுக்குள்ள பெல் அடிச்சிரும்."

தலைவர்கள் வரிசையில் நிற்பதில்லை. அதற்குத்தானே தலைவர்கள். ஆக வரிசை என்பது சஹானா ஒருத்திதான். ஒரே ஆள் நிற்கிற வரிசை நேராக இருக்கிறதா என்று வரிசைத் தலைவர், கதவுத் தலைவர், குழாய்த் தலைவர் மூவரும் கூடி முடிவு செய்யவேண்டும். மஞ்சள் கோட்டில் குழந்தை நின்றுகொண்டே இருக்கும். வீட்டிலிருந்து பாட்டில் கொடுத்தனுப்பினோம். பாட்டில் தலைவர் அதை வாங்கி அலமாரியில் மற்ற பாட்டில்களோடு அழகாக அடுக்கிவைத்தார். அடுக்கு கலையக்கூடாதாம்.

"நீங்க நேர போய்க் கேளுங்க. புள்ள நாக்கு வறண்டு வாரா" என்றாள் லீலா.

"கேக்கேன், கேக்கேன். முறைப்படி கேக்கணும்லா?"

முறைப்படி ஒரு மனு எழுதி, சனிக்கிழமை லோக்கல் ரயில் பிடித்துப் போனேன். வாசலில் வகுப்பாசிரியை அதை வாங்க மறுத்துவிட்டார். 'பி' பிரிவு சம்பந்தப்பட்ட எல்லாக் குறைகளும் 'பி' பிரிவின் குறைதீர்க்கும் தலைவர் மூலமாகவே வரவேண்டுமாம். நான் மறுத்துப் பேசவில்லை. உரிய வழி என்று ஒன்று இருந்தால் அதில் போகிறவன் நான். குறைதீர்க்கும் தலைவர் அபினவ், ஏழே கால் வயது, டப்பாவில் போஹா என்கிற அவல் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வராந்தாவில் காத்து நின்றேன்.

"தம்பி, இது ஒரு மனு."

"அங்கிள், இப்போ லஞ்ச் டைம்."

"சின்ன விஷயம்தான். தண்ணி..."

"மண்டே வாங்க அங்கிள்."

"திங்கக்கிழமை எனக்கு ஆபீஸ் இருக்கேப்பா."

"அப்போ வச்சிட்டுப் போங்க. பாக்கறேன்." அவன் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு சொல்லும் என்னுடையது. இருபத்திரண்டு வருஷமாக என் மேஜைக்கு எதிரே நிற்கிறவர்களிடம் நான் சொல்வதை, சிலருக்குத் தலை நரைக்கும் வரை சொல்வதை, இந்தப் பொடியன் இரண்டே மாதத்தில் கற்றுவிட்டான். பயிற்சி பலிக்கிறது என்பதில் அன்று எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. திரும்பிப் பார்த்தபோது மனு ராக்கெட்டாகி வராந்தாவில் பறந்துகொண்டிருந்தது. மேலிடத்துக்குப் போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

டிசம்பரில் மதிப்பீட்டுக் குழு வந்தது. இளந்தலைமை மதிப்பீட்டு மன்றம் என்று ஏதோ பெயர். பள்ளிக்கு எத்தனை நட்சத்திரம் என்று அவர்கள்தான் சொல்லவேண்டும். பெற்றோர்கள் எல்லோரும் வரவேண்டும் என்று உத்தரவு. வராந்தாவை ஒட்டிய ஹாலில் நாங்கள் எண்பது பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். மேடையில் அனிருத்தின் புரொஜெக்டர். அதற்கான மின்சாரப் பெட்டி, நீளமான ஒயரோடு தரையில் கிடந்தது. குழுவினர் மூன்று பேரும் அட்டையில் பேப்பர் சொருகிக்கொண்டு வராந்தாவில் நின்றார்கள்.

குழாய்த் தலைவர் ப்ரீதி, தலைமையுடன் குழாயைத் திறந்து காட்டினாள். தலைமையுடன் மூடிக் காட்டினாள். இன்னொரு முறை என்றார் குழுத் தலைவர். மூன்றாவது முறை குழாயின் திருகு அவள் கையோடு வந்துவிட்டது. சுவரிலிருந்து தண்ணீர் பீறிட்டது.

"குழாய்த் தலைவரே, தண்ணியை நிறுத்து!" என்றான் வரிசைத் தலைவன்.

"குழாய் என் கையில இருக்கு. தண்ணி சுவர்ல இருந்து வருது. சுவர் என்னோடது இல்ல."

சுவர்த் தலைவனைத் தேடிப் பிடித்தார்கள். அவன் சுவரைத் தொட்டுப் பார்த்தான். "சுவர் நல்லாத்தான் இருக்கு. தண்ணி தரையில போகுது. தரைத் தலைவரைக் கேளுங்க."

தரைத் தலைவன், வராந்தாத் தரை மட்டுமே தன் பொறுப்பு, ஹால் தரை 'ஏ' பிரிவைச் சேர்ந்தது என்றான். அபினவ், யாராவது எழுதிக் கொடுத்தால் பார்ப்பதாகச் சொன்னான்.

"பாருங்க, ஒரு குழந்தைகூடப் பதறலை. எவ்வளவு தெளிவா பொறுப்பைப் பிரிச்சிருக்காங்க!" என்று அனிருத் வீடியோ எடுத்தார். குழுவினர் வேகவேகமாக எழுதிக்கொண்டார்கள்.

தண்ணீர் ஹாலுக்குள் வந்தது. பாய்த் தலைவி ஜெனிபர், எங்கள் சஹானாவின் சிநேகிதி, தன் பாயை விட்டு நகரக்கூடாது என்பதால் நகராமல் நின்றாள். கணுக்கால் நனைந்தது. அவள் பாய்க்கு ஒரு முழம் தள்ளித்தான் மின்சாரப் பெட்டி. அவள் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே நின்றாள். எண்பது பெற்றோர்களும் அதைப் பார்த்தோம். எங்களை எழுந்திருக்கும்படி யாரும் சொல்லவில்லை.

அப்போது சஹானா வரிசையிலிருந்து விலகினாள். அவள் விலகியதும் வரிசையே இல்லாமல் போய்விட்டது. அவள் தினமும் நிற்கிற மஞ்சள் கோட்டுக்கு மேலேதான் தண்ணீர்க் குழாயின் வால்வு. சாயங்காலம் பியூன் அதை மூடுவதை மூன்று மாதமாகப் பார்த்தபடி நின்றிருக்கிறாள். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறினாள். ஏறுவதற்கு முன் பீறிடுகிற தண்ணீரில் இரண்டு கையையும் ஏந்தி, வயிறு நிறையக் குடித்தாள். பிறகு இரண்டு கையாலும் வால்வைத் திருகினாள். தண்ணீர் நின்றது. ஜெனிபரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் ஏற்றி உட்காரவைத்தாள்.

நான் கைதட்டலாமா என்று பக்கத்தில் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்தார்.

"இந்தக் குழந்தைக்கு என்ன பதவி?" என்றார் குழுத் தலைவர்.

"பதவி இல்லை சார்" என்றார் ஆனந்தவல்லி மேடம்.

"யார் உத்தரவில் வால்வை மூடியது?"

நாற்பத்தொரு தலைவர்களும் தாங்கள் இல்லை என்று தலையாட்டினார்கள். குழுத் தலைவர் முகம் சுருங்கி, அட்டையில் ஏதோ எழுதினார்.

கால் மணி நேரத்தில் என்னைப் பிரின்சிபால் அறைக்குக் கூப்பிட்டார்கள். சஹானா ஈர உடுப்போடு என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு சின்ன லெட்டர் சார், வெறும் ஃபார்மாலிட்டி" என்றார் மேடம். தமிழில்தான் சொன்னார். "கையெழுத்துப் போட்டுடுங்கோ. குழந்தையை மூணாங்கிளாஸுக்கு அனுப்பற பொறுப்பு என்னோடது."

'உரிய தலைவரின் அனுமதியின்றி என் மகள் வால்வை மூடியது தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இனி இத்தகைய செயல் நிகழாது' என்று அடித்துவைத்திருந்தார்கள்.

"அப்பா, தண்ணிய நிறுத்தினது தப்பா?" என்றாள் சஹானா.

தப்பே இல்லை, நீ ஒருத்திதான் ஒழுங்காக ஏதோ செய்தாய் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சத்தியமாக வந்தது. ஆனால் அந்தத் தாளில் எண் இருந்தது, தேதி இருந்தது, கையெழுத்துக்கு இடம் இருந்தது. இந்த மூன்றும் உள்ள தாளை நான் கையெழுத்துப் போடாமல் திருப்பியதே கிடையாது. போட்டேன்.

"வீட்டுல போய்ப் பேசுவோம்" என்றேன் சஹானாவிடம். வீட்டில் பேசவில்லை.

பள்ளிக்கு நாலரை நட்சத்திரம் கிடைத்தது. அரை நட்சத்திரம் போனதற்குக் காரணம் என் மகள் என்று பெற்றோர் வாட்ஸப் குழுவில் நாசூக்காகச் சொன்னார்கள். பள்ளி வாசலில் நாற்பத்தொரு தலைவர்களும் கைகூப்பி நிற்கிற பேனர் கட்டினார்கள். என் கணக்கில் ரோட்டில் இப்போது நூற்று ஐம்பத்தேழு பேர்.

ஜனவரியில் படிவம் ஏழு-ஆ வந்தது. 'தலைமை வீட்டில் தொடங்குகிறது' என்று தலைப்பு. இது பெற்றோரைப் பற்றி. குழந்தைகள் வகுப்பில் உட்கார்ந்து தங்கள் கைப்பட நிரப்பவேண்டும், பெற்றோர் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பவேண்டும். அன்று சாயங்காலம் வாட்ஸப் குழு விசித்திரமாக அமைதியாக இருந்தது. யாரும் மாலை வணக்கப் படம்கூட அனுப்பவில்லை. பிறகு ஜெனிபரின் அப்பா தங்கராஜ், கசார்வாடியில் பட்டறை வைத்திருக்கிறவர், எனக்குத் தனியாகப் போன் பண்ணினார்.

"சுப்பையா அண்ணாச்சி, உங்க பாப்பா ஃபார்ம் வந்துச்சா? எங்க ஜெனி எல்லாக் கட்டத்துலயும் இல்லைன்னு எழுதிட்டு வந்திருக்கா. கேட்டா, சஹானா சொன்னான்னு சொல்லுதா. கிளாஸ்ல நாப்பத்திரெண்டு பேரும் அப்படித்தானாம்!"

சஹானாவைக் கூப்பிட்டேன். "நீதான் எல்லாத்தையும் இல்லைன்னு எழுதச் சொன்னியா?"

"அவங்களுக்குத் தெரியலை அப்பா. என்கிட்ட வந்து கேட்டாங்க. ஒண்ணும் இல்லன்னா வெறுமன விடக்கூடாது, இல்லைன்னு எழுதணும், எங்க அப்பா அப்படித்தான்னு சொன்னேன்."

நாற்பத்தொரு தலைவர்களும் அன்றைக்கு முதல் தடவையாக ஒருவர் சொன்னதைக் கேட்டிருக்கிறார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "அப்ப எல்லாரும் உன்னப் பாத்து அப்படியே காப்பி அடிச்சிட்டாங்களாக்கும்" என்று சிரித்தேன்.

"இல்லப்பா. ஒவ்வொரு கட்டமா யோசிச்சுப் பாத்துதான் எழுதினாங்க. ரொம்ப நேரம் ஆச்சு."

படிவத்தை என் முன்னால் வைத்தாள். முத்து முத்தான எழுத்து. உன் தந்தை தானாக எடுத்த முக்கிய முடிவு. இல்லை. உன் தந்தை பிறரிடம் துணிந்து கேட்ட கேள்வி. இல்லை. உனக்காக உன் தந்தை எழுந்து நின்று பேசிய சந்தர்ப்பம். அந்தக் கட்டத்தில் முதலில் ஏதோ எழுத முயன்று ரப்பரால் அழித்திருந்தாள். அழித்த இடத்தில் தாள் கொஞ்சம் கிழிந்திருந்தது. அதன் மேலேயே 'இல்லை' என்று எழுதியிருந்தாள்.

"இங்க சைன் பண்ணுங்க அப்பா" என்று விரலால் காட்டினாள்.

எண் இருந்தது, தேதி இருந்தது, கையெழுத்துக்கு இடம் இருந்தது. போட்டேன்.